யோபுவின் கதை கேட்ட அரண்மனை அதிகாரி

2022-ம் ஆண்டு மே மாதம் 15-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. ரோமாபுரியில் புனித பேதுரு சதுக்கத்தில் மக்கள் கூட்டம் நிரம்பி வழிந்தது. போப் பிரான்சிஸ் அன்று 10 பேரைப் புனிதர்களாக அறிவித்தார். பல நாட்டுக்காரர்கள் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்தில் நட்டாலம் என்ற கிராமத்தில் பிறந்தவர்.

அவர் சாமியார் அல்ல. மடத்தில் வாழ்ந்தவரும் அல்ல. மனைவியோடு குடும்பம் நடத்தியவர். திருவிதாங்கூர் மகாராஜாவிடம் உத்தியோகம் பார்த்தவர். இந்தியாவில் இப்படிக் குடும்பஸ்தராக வாழ்ந்த ஒருவர் புனிதர் பட்டம் பெற்றது அதுவே முதல் தடவை. அவர் இறந்து அப்போது 270 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர் பெயர் தேவசகாயம். பெற்றோர் வைத்த பெயர் நீலகண்டன்.

கோவில் வீட்டுப் பிள்ளை

நீலகண்டன் 1712-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி பிறந்தார். தந்தை வாசுதேவன் நம்பூதிரி. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவிலில் பூஜை செய்தவர். தாய் தேவகி அம்மாள். அந்தக் குடும்பத்தில் பிள்ளைகள் தாய் வீட்டில், தாய்மாமன் பொறுப்பில் வளர்வது வழக்கம். நீலகண்டனும் அப்படியே வளர்ந்தார். எழுத்தும் கணக்கும் கற்றார். ஆயுதப் பயிற்சியும் பெற்றார். பூஜை புனஸ்காரங்களில் குறை வைக்காத பிள்ளை.

அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் மார்த்தாண்ட வர்மா மகாராஜா. தலைநகரம் பத்மநாபபுரம். அங்கே நீலகண்டசுவாமி கோவிலில் இந்த வாலிபருக்கு முதலில் வேலை கிடைத்தது. பிறகு அரண்மனை உத்தியோகம். மேக்கோட்டைச் சேர்ந்த பார்கவி அம்மாளை மணந்து கொண்டார். நிலம் இருந்தது, மாடு கன்று இருந்தது, ஊரில் மதிப்பும் இருந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லாத வாழ்வு.

கடலோரத்தில் ஒரு போர்

இந்த இடத்தில், வெகு தூரத்திலிருந்து வந்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் மிளகு பொன்னுக்குச் சமமான பண்டம். மலையாளக் கரையின் மிளகு வியாபாரத்தைத் தங்கள் கையில் வைத்துக் கொள்ள டச்சுக்காரர்கள் ஆசைப்பட்டார்கள். மார்த்தாண்ட வர்மா விட்டுக் கொடுக்கவில்லை. 1741-ம் ஆண்டு குளச்சல் கடற்கரையில் சண்டை மூண்டது. டச்சுக் கம்பெனிப் படை தோற்றது. ஐரோப்பியப் படை ஒன்று இந்திய மன்னர் ஒருவரிடம் இப்படித் தோற்றது அன்றைக்குப் பெரிய அதிசயம்.

பிடிபட்ட கைதிகளில் ஒருவர் யூஸ்டாகியுஸ் டி லன்னாய். வயது சுமார் 26. அவருடைய திறமையை மகாராஜா கண்டு கொண்டார். கைதியைத் தண்டிப்பதற்குப் பதிலாகத் தம் படைக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார். தோற்ற படையின் அதிகாரி, வென்ற படைக்கு வாத்தியார் ஆனார்! பின்னாளில் திருவிதாங்கூர் சேனைக்கே தளபதி ஆகி, 1777-ல் இறக்கும் வரை அந்த மண்ணிலேயே இருந்தார்.

பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. அதைப் பலப்படுத்தும் வேலை டி லன்னாயிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்தக் கோட்டை வேலைகளில் அரண்மனை அதிகாரியாக இருந்தவர் நீலகண்டன். கல்லும் சுண்ணாம்பும் ஆட்களுமாக நடந்த வேலையில் இருவருக்கும் பழக்கம் உண்டாயிற்று. பழக்கம் நட்பாகக் கனிந்தது.

மாடுகள் மாண்டன

சில காலம் கழித்து நீலகண்டனின் வீட்டில் துன்பம் புகுந்தது. தொழுவத்தில் மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. பயிர் பாழாயிற்று. சொத்து கரைந்தது. காரணம் புலப்படவில்லை.

நஷ்டம் வருவது ஒரு துன்பம். நஷ்டத்துக்கு நாமே காரணமோ என்று இரவெல்லாம் உறங்காமல் கிடப்பது வேறு துன்பம். இரண்டாவதுதான் ஆளைத் தின்னும்.

திருப்பூரை அடுத்த மங்கலம் பக்கத்தில் விசைத்தறி வைத்துப் பிழைப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நூல் விலை ஏறித் தறி நிற்கும். அதே வாரத்தில் வீட்டில் ஒருவர் காய்ச்சலில் படுப்பார். உடனே பேச்சு கிளம்பும். யார் கண் பட்டதோ? குலதெய்வத்துக்குச் செய்ய வேண்டியதில் என்ன குறை வைத்தோமோ? போன வருஷம் நேர்ந்து கொண்ட கிடாயை வெட்டாமல் விட்டோமே, அதனால்தானோ? வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கும். தறி மட்டும் நின்றபடியே இருக்கும். நூல் விலையைப் பற்றிப் பேசியிருக்க வேண்டிய வீட்டில், யார் செய்த பாவம் என்ற பேச்சு நடக்கும். பெரும்பாலும் அந்தப் பழி, வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் தலையில்தான் விழும்.

18-ம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் இந்தப் பயம் இன்னும் பல மடங்கு. நோய் கண்டாலும் மாடு செத்தாலும் சோழி போட்டுப் பார்ப்பார்கள். எந்தத் தெய்வத்துக்குக் கோபம், எந்த முன்னோரின் சாபம், யார் வைத்த சூனியம் என்று கேட்பார்கள். பரிகாரம் சொல்லப்படும். பரிகாரத்துக்கும் பணம் வேண்டும். பலிக்காவிட்டால், செய்த முறையில் குற்றம் என்பார்கள். குற்றம் எப்போதும் துன்பப்படுகிறவன் பக்கமே இருக்கும்.

நீலகண்டனும் அந்தக் காலத்து மனிதர்தாம். தெய்வங்களின் கோபம் தம் மீது விழுந்துவிட்டதாகவே அவர் நினைத்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பூஜையில் குறை வைக்காத மனிதர் அவர். ஆகவே எந்தக் குறை என்று கண்டுபிடிக்கவும் முடியவில்லை. முகம் வாடியது. வேலையில் மனம் செல்லவில்லை.

நண்பர் சொன்ன கதை

டி லன்னாய் இதைக் கவனித்தார். காரணம் கேட்டார். நீலகண்டன் மனத்தைத் திறந்து சொன்னார். டி லன்னாய் கத்தோலிக்கக் கிறிஸ்தவர். அவர் பரிகாரம் எதுவும் சொல்லவில்லை. பைபிளில் உள்ள யோபு என்பவரின் கதையைச் சொன்னார்.

நம் அரிச்சந்திரன் கதையை அறிந்தவர்களுக்கு யோபுவின் கதை அந்நியமாகத் தோன்றாது. யோபு உத்தமர். 7,000 ஆடுகள், 3,000 ஒட்டகங்கள், 500 ஏர் மாடுகள், 500 கழுதைகள் அவருக்கு இருந்தன. 7 ஆண் பிள்ளைகள், 3 பெண் பிள்ளைகள். ஒரே நாளில் எல்லாம் போயிற்று. மாடுகளைக் கொள்ளைக்காரர்கள் ஓட்டிக் கொண்டு போனார்கள். ஆடுகள் நெருப்பில் மாண்டன. வீடு இடிந்து விழுந்து பிள்ளைகள் இறந்தார்கள். பிறகு உடம்பெல்லாம் கொப்புளம் கண்டது. சாம்பலில் உட்கார்ந்து ஓட்டுச் சில்லால் உடம்பைச் சுரண்டிக் கொண்டிருந்தார்.

மூன்று நண்பர்கள் துக்கம் விசாரிக்க வந்தார்கள். ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்தார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் நல்ல நண்பர்கள் என்று பெயர் எடுத்திருப்பார்கள். பிறகு வாயைத் திறந்தார்கள். நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய். இல்லாவிட்டால் கடவுள் இப்படித் தண்டிப்பாரா. ஒப்புக்கொள் என்று மாறி மாறி வற்புறுத்தினார்கள். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் குற்றப்பத்திரிகை படித்தார்கள்.

யோபு ஒப்புக்கொள்ளவில்லை. செய்யாத பாவத்தைச் செய்ததாக எப்படிச் சொல்வது? கடவுளிடமே நியாயம் கேட்டார். அழுதார், வாதாடினார். ஆனால் கடவுளை விட்டு விலகவில்லை. கடைசியில் கடவுள் சூறாவளியிலிருந்து பேசினார். உலகத்தைப் படைத்த விதமெல்லாம் மனிதன் அறிவுக்கு எட்டாது என்று உணர்த்தினார். துன்பத்துக்குக் காரணம் இன்னது என்று அவர் சொல்லவே இல்லை. ஆனால் யார் மீது கோபித்துக் கொண்டார் தெரியுமா? அந்த மூன்று நண்பர்கள் மீது! யோபுவைப் பாவி என்று சொன்னவர்களே தப்பாகப் பேசினார்கள் என்று தீர்ப்பாயிற்று. யோபுவுக்கு இழந்த செல்வம் இரட்டிப்பாகத் திரும்பியது.

கதை கேட்ட நீலகண்டனுக்கு மாடுகள் திரும்பி வரவில்லை. நெஞ்சில் இருந்த கேள்வி மட்டும் மாறியது. துன்பம் வேறு, தண்டனை வேறு என்று அவருக்குத் தோன்றியது. தொழுவத்தில் செத்துக் கிடக்கும் மாட்டைப் பார்த்துத் தன் பாவத்தைக் கணக்கிட வேண்டியதில்லை.

மனிதனுக்குப் பாவமே கிடையாது என்று கிறிஸ்தவம் சொல்வதில்லை. செய்த பாவத்தை ஒப்புக்கொள், மன்னிப்பு உண்டு என்கிறது. ஆனால் மன்னிப்பு விலைக்கு வாங்குவது அல்ல. கோபித்துக் கொண்ட தெய்வத்துக்கு அபராதம் கட்டுவதும் அல்ல. டி லன்னாய் பல நாட்கள் இதை விளக்கினார். குற்றமே செய்யாமல் சிலுவையில் மாண்ட இயேசுவைப் பற்றியும் சொன்னார். பயத்தால் வாடிய மனிதருக்கு இந்தப் பேச்சு தாகத்துக்குத் தண்ணீர் போல இருந்தது.

வடக்கன்குளம்

நீலகண்டன் கிறிஸ்தவராக விரும்பினார். திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி ஒருவர் மதம் மாறுவது சாமானிய விஷயம் அல்ல. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம். அங்கே இயேசு சபைக் குரு ஜியோவன்னி பத்திஸ்தா புத்தாரி இருந்தார். டி லன்னாய் அவரிடம் நண்பரை அனுப்பி வைத்தார்.

1745-ம் ஆண்டு மே மாதம் 14-ந் தேதி வடக்கன்குளம் திருக்குடும்பக் கோவிலில் நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்றார். வைத்த பெயர் லாசர். கடவுளே துணை என்பது அதன் பொருள். அதைத் தமிழில் தேவசகாயம் என்றார்கள். பின்னர் பார்கவி அம்மாளும் கிறிஸ்தவரானார். அவருக்குத் தெரேசா என்று பெயர்; தமிழில் ஞானப்பூ அம்மாள்.

எல்லோருடனும் பந்தி

தேவசகாயம் ஊர் திரும்பினார். உத்தியோகத்தைத் தொடர்ந்தார். ஆனால் ஆள் மாறிவிட்டார்.

அந்நாளில் தீட்டு என்ற பயம் நாட்டையே கட்டி வைத்திருந்தது. இந்தச் சாதிக்காரர் இத்தனை அடி தூரத்தில் நிற்க வேண்டும், இந்தப் பாதையில் வரக் கூடாது, நிழல் விழக் கூடாது என்று கணக்கு உண்டு. தேவசகாயம் அந்தக் கணக்கை எறிந்துவிட்டார். தாழ்த்தப்பட்டவர்கள் வீட்டுக்குப் போனார். அவர்களோடு பழகினார், கூட உட்கார்ந்து உண்டார். மாடு செத்ததற்குப் பயந்து நடுங்கிய மனிதர், ஊரே பயந்த தீட்டுக்குப் பயப்படவில்லை.

உயர்ந்த பதவியில் இருந்த பலருக்கு இது பொறுக்கவில்லை. ஞானஸ்நானத்தைக் கூடப் பொறுத்திருப்பார்கள் போலும். பந்தியைப் பொறுக்க முடியவில்லை.

2020-ல் வத்திக்கான், அவர் பெயரோடு ஒட்டியிருந்த பிள்ளை என்ற சாதிப் பட்டத்தை நீக்கிவிட்டது. சாதி பார்க்காதவருக்குச் சாதிப் பெயர் ஏன் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அது நியாயமான கேள்விதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் கோவிலுக்குள்ளேயே சாதிக்கு ஒரு பக்கம் என்று சுவர் வைத்துக் கட்டினார்கள். 1910-ல்தான் அது இடிக்கப்பட்டது. தீட்டுப் பயம் ஞானஸ்நானத் தண்ணீரிலும் எளிதில் கரைவதில்லை.

எருமை மேல் ஊர்வலம்

1749-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் தேவசகாயம் கைது செய்யப்பட்டார். ராஜ துரோகம் செய்தார், அரசாங்க ரகசியங்களை வெளியாருக்குச் சொன்னார் என்று குற்றம் சாட்டினார்கள். அவை பொய்க் குற்றச்சாட்டுகள் என்பது திருச்சபையின் முடிவு.

இதில் வரலாற்று ஆசிரியர்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு. மார்த்தாண்ட வர்மா கிறிஸ்தவர்களைப் பகைத்தவர் அல்லர். தம் சேனையையே ஒரு கிறிஸ்தவரிடம் ஒப்படைத்தவர். அப்படிப்பட்டவர் மதத்துக்காக ஒருவரைத் தண்டித்திருப்பாரா என்று சிலர் கேட்கிறார்கள். மதம் மட்டும் அல்ல, அரண்மனைப் பொறாமையும் சாதி ஆத்திரமும் சேர்ந்தே அவரைக் கைதியாக்கின என்று எண்ண இடம் இருக்கிறது. மகாராஜாவிடம் அவ்வளவு செல்வாக்குப் பெற்ற டி லன்னாயாலும் நண்பரைக் காப்பாற்ற முடியவில்லை.

கைகளைக் கட்டி, எருமை மேல் பின்புறம் பார்க்க உட்கார வைத்து, கழுத்தில் எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். தினம் கசையடி. அடிபட்ட புண்ணில் மிளகாய்ப் பொடி. சுடு வெயிலில் இருத்தல். குடிக்கக் கெட்ட தண்ணீர்.

எருமை எமனுடைய வாகனம். எருக்கு பாழிடத்தில் பூப்பது. குற்றவாளிக்குப் போடும் மாலை. சகுனத்துக்கு அஞ்சுகிற மனிதனை நொறுக்க இவற்றை விட வேறு வேண்டாம். அந்த நோக்கத்தோடுதான் செய்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் இதே மனிதரை இப்படி நடத்தியிருந்தால், எந்தத் தெய்வத்தின் சாபம் இது என்று கதறியிருப்பார். இப்போது அந்தக் கேள்வி அவரிடம் இல்லை. மாடு செத்தபோது உடைந்தவர், உடம்பு கிழிந்தபோது உடையவில்லை. பழைய மதத்துக்குத் திரும்பினால் விடுதலை உண்டு என்று ஆசை காட்டியும் அவர் இணங்கவில்லை.

புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்தபோது அவர் முழங்கையால் இடித்த பாறையில் நீர் ஊறியது என்று மக்கள் சொல்கிறார்கள். முட்டிடிச்சான் பாறை என்று அதற்குப் பெயர்.

பெருவிளையில் ஒரு வேப்ப மரத்தில் அவரைக் கட்டி வைத்தார்கள். மாதக் கணக்கில் மழையிலும் வெயிலிலும் அப்படியே இருந்தார். வேடிக்கை பார்க்க வந்த ஜனங்கள் மெல்ல மெல்ல வேறு காரணத்துக்காக வர ஆரம்பித்தார்கள். வீட்டுத் துன்பத்தைச் சொல்லி அழுதார்கள். கட்டுண்டு கிடந்தவர், கட்டு இல்லாதவர்களுக்கு ஆறுதல் சொன்னார்.

1750-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி மார்த்தாண்ட வர்மா தம் ராஜ்யத்தையே ஸ்ரீபத்மநாப சுவாமிக்கு அர்ப்பணம் செய்தார். அன்று முதல் மகாராஜா, பத்மநாபதாசர். நாடு அந்தக் கொண்டாட்டத்தைக் கண்ட காலத்திலும் தேவசகாயம் கைதியாகவே இருந்தார்.

காற்றாடி மலை

கடைசியாக அவரை ஆரல்வாய்மொழிக்குக் கொண்டு போனார்கள். மலைகளுக்கு நடுவே காற்று சீறிப் பாயும் இடம் அது. இன்று காற்றாலைகள் வரிசையாகச் சுழல்கின்றன. ஏழு ஆண்டுகளுக்கு முன் நீலகண்டன் என்ற பெயரோடு வடக்கன்குளம் போனவரும் இந்தக் கணவாயைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும்.

1752-ம் ஆண்டு ஜனவரி மாதம் 14-ந் தேதி அவரைக் காற்றாடி மலைக்குக் கூட்டிச் சென்றார்கள். ஜெபம் செய்யச் சிறிது நேரம் கேட்டார். கொடுத்தார்கள். பிறகு சிப்பாய்கள் சுட்டார்கள். அப்போது அவருக்கு வயது 39.

உடலைக் காட்டில் எறிந்துவிட்டார்கள். சில நாட்களுக்குப் பிறகு கிறிஸ்தவர்கள் தேடிப் போனார்கள். கிடைத்த எலும்புகளைச் சேகரித்து, கோட்டாறு புனித சவேரியார் கோவிலில் பீடத்துக்கு முன்னால் அடக்கம் செய்தார்கள். 2012-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி நாகர்கோவிலில் அவருக்கு அருளாளர் பட்டம் அளிக்கப்பட்டபோது, அந்தக் கல்லறைக்கு வந்தவர்கள் கணக்கில் அடங்கார்.

ஞானப்பூ அம்மாளைப் பற்றி அதிகம் பேசுவோர் இல்லை. கணவர் கைதான பிறகு சொந்த ஊரில் அவருடைய நிலை என்னவாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். குடும்பத்துக்கு வந்த கேடெல்லாம் இவளால்தான் என்று விரல் நீட்ட எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! கணவர் இறந்த பிறகு அவர் வடக்கன்குளத்துக்குப் போய்விட்டார். ஊரையும் உறவையும் விட்டு, அங்கே கிறிஸ்தவர்களிடையே சுமார் 14 ஆண்டுகள் வாழ்ந்தார். 1766-ல் இறந்தார். அவர் கல்லறை அந்த ஊரிலேயே இருக்கிறது.